இரண்டு காதுக்கு நடுவே ஒரு சத்தம்

விளாங்குடியில் எங்கள் வீடு முதல் மாடியில் இருக்கிறது. கீழே கிரில் பட்டறை. அங்கே இரும்பு அறுக்க ஆரம்பித்தால் என் மேஜை மேல் இருக்கும் டம்ளர் தண்ணீரில் சுருக்கம் விழும். திண்டுக்கல் ரோடு பக்கத்தில்தான். பஸ்கள் எங்கள் ஜன்னலுக்கு நேராக வரும்போதுதான் ஹாரன் அடிக்க வேண்டும் என்று பேசி வைத்துக்கொண்டவை போல அடித்துவிட்டுப் போகும். இதற்கு நடுவில் உட்கார்ந்துதான் நான் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறேன்.

அழகான வீட்டுப் படம் எல்லாம் இல்லை. தூணுக்குள்ளும் உத்தரத்துக்குள்ளும் போகிற கம்பிகள் மட்டும். எந்தக் கம்பி எங்கே வளைய வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று எவ்வளவு தூரம் ஏறி நிற்க வேண்டும் என்று கணினியில் கோடாகப் போட்டு அனுப்ப வேண்டும். சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்காக வீட்டிலிருந்தே செய்கிறேன். நான் போடுகிற கோட்டை நம்பி, நான் பார்த்தே இராத ஓர் ஊரில் ஒருவர் கம்பி கட்டுவார். அதன் மேல் கான்கிரீட் ஊற்றிவிடுவார்கள். அப்புறம் யாரும் திறந்து பார்க்க முடியாது. அதனால் மனம் சிதறக் கூடாத வேலை.

ஆனால் சிதறியது. முன்பு அலுவலகத்தில் உட்கார்ந்து செய்தபோது வராத தவறெல்லாம் வீட்டில் வந்தது. ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் படிக்கட்டு வரைபடத்தை இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். அதைச் சரிபார்க்கிற பெண் என்னைவிடச் சின்னவள், திருமங்கலத்துப் பிள்ளை. திட்டவில்லை. வீடியோ காலில் வந்தாள்.

"அக்கா, உங்களுக்கு வேல தெரியாம இல்ல. உங்க வீட்டுச் சத்தம் எனக்கே இங்க கேக்குது. நான் ஒண்ணு அனுப்புறேன், ஹெட்போன்ல போட்டுக்கிட்டு வேல பாருங்க."

"பாட்டா? பாட்டுக் கேட்டா நான் கூடவே பாடிக்கிட்டு உக்காந்துருவேன்."

"பாட்டு இல்லக்கா. பைனாரல் பீட்ஸ். வெறும் ரீங்காரம் மாதிரி இருக்கும். ரெண்டு காதுலயும் மாட்டணும், ஒண்ணுல மாட்டுனா வேலைக்காகாது. ஒரு தடவ கேட்டுத்தான் பாருங்களேன்."

கேட்டுப் பார்த்தேன். முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. தூரத்தில் எங்கோ ரைஸ்மில் மோட்டார் ஓடுவது போல ஒரே சீரான சத்தம். அதில் என்ன இருக்கிறது என்று எடுத்துவிடப் போனேன். அப்போதுதான் கவனித்தேன், அந்தச் சத்தம் சீராக இல்லை. உள்ளே ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. தட்டான் ஒரே இடத்தில் நின்று இறக்கையை அடிப்பது போல, மெல்லமாக, விடாமல்.

இடது காதிலிருந்து ஹெட்போனை நகர்த்தினேன். துடிப்பு நின்றது. வலது காதில் வெறும் ரீங்காரம் மட்டும். சரி, துடிப்பு இடது பக்கத்தில்தான் இருக்கிறதாக்கும் என்று அதை மட்டும் வைத்துக் கேட்டேன். அங்கேயும் வெறும் ரீங்காரம். இரண்டையும் மாட்டினேன். தட்டான் மறுபடி வந்து நின்றது.

எத்தனை தடவை இப்படிக் கழற்றி மாட்டிப் பார்த்தேன் என்று தெரியாது. அடுப்பில் பால் வைத்திருந்தது கூட மறந்துபோனது. பொங்கி வழிந்த வாடை வந்த பிறகுதான் எழுந்தேன். பிறகு அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"ஏப்பா, அந்தத் துடிப்பு எங்க இருக்கு?"

அவள் சிரித்தாள். "எங்கயும் இல்லக்கா. இடது காதுக்கு ஒரு சுருதி, வலது காதுக்கு அதவிடக் கொஞ்சூண்டு கூடுன சுருதி. அம்புட்டுத்தான் போன்ல இருக்கு. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்த உங்க மூளதான் துடிப்பாக் கேக்குது."

"அப்ப காத்துல அந்தச் சத்தமே இல்லையா?"

"இல்ல. உங்களுக்குள்ள மட்டுந்தான் இருக்கு."

போனை வைத்துவிட்டு மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். இத்தனை வயதுக்குப் பிறகு, என் தலைக்குள் எனக்கே தெரியாத ஓர் ஆள் உட்கார்ந்து இரண்டு காதிலிருந்தும் வருவதை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறான் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? பயமாக இல்லை. கோயில் கருவறைக்குள் விளக்கை உயர்த்திக் காட்டும்போது இருட்டிலிருந்து ஒரு முகம் தெரியுமே, அதுமாதிரி இருந்தது.

அன்றிலிருந்து காலையில் வீட்டு வேலை முடித்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவது பழக்கமாகிவிட்டது. அது வேலை செய்ததா என்று கேட்டால், செய்தது என்றுதான் சொல்வேன். ஏன் செய்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இணையத்தில் பலன் உண்டு என்றும் எழுதியிருக்கிறார்கள், எல்லாம் மனப்பிரமை என்றும் எழுதியிருக்கிறார்கள். காதை மூடிக்கொள்வதால் பட்டறைச் சத்தம் குறைவதே போதுமானதாக இருந்திருக்கலாம். மாட்டினால் வேலை, கழற்றினால் வீடு என்று மனம் பழகியிருக்கலாம். ஆனால் நான் கண்டது ஒன்று உண்டு. கொஞ்ச நேரத்தில் துடிப்பு காதுக்குக் கேட்காமல் போகும். அது கேட்காமல் போகிற அந்த இடத்தில் நானும் காணாமல் போவேன். திரையில் கம்பிகள் மட்டும் இருக்கும். படிக்கட்டு ஏறித் திரும்பும் மூலையில் எந்தக் கம்பி எதற்குக் கீழே போக வேண்டும் என்பது, சட்டைக்குப் பித்தான் போடுகிற மாதிரி, யோசிக்காமலே கைக்கு வரும். நிமிர்ந்து பார்த்தால் வெயில் ஜன்னலைத் தாண்டிப் போயிருக்கும். அந்த ஆஸ்பத்திரிப் படிக்கட்டு அப்படித்தான் முடிந்தது. அதன் பிறகு அது திரும்பி வரவில்லை.

இதை என் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் சொட்டுநீர்ப் பாசனக் குழாய் விற்கிற கம்பெனியில் இருக்கிறார். வாரத்தில் பாதி நாள் கொட்டாம்பட்டிப் பக்கம் வண்டியில் சுற்றுவார். தென்னைக்கும் மல்லிகைக்கும் குழாய் போடுகிறவர்கள் எல்லாம் அவரை "அண்ணே, அண்ணே" என்று போனில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். நல்ல கலகலப்பான மனிதர். ஆனால் நாலு பேர் சேர்ந்து பேசுகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் ஒதுங்கி இருப்பார். வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் ஓரத்து இலையாகப் பார்த்துத்தான் உட்காருவார். அது அவர் சுபாவம் என்று நான் விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அவர் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டேன்.

"கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க. ஒண்ணு துடிக்கும் பாருங்க."

கேட்டார். "சும்மா ஙொய்யின்னு இருக்கு."

"அதுக்குள்ள ஒண்ணு ஆடும். நல்லாக் கேளுங்க."

"ஒண்ணும் ஆடலையேம்மா."

சிலருக்குக் கேட்காது என்று எங்கோ படித்திருந்தேன். ஹெட்போனை இடம் மாற்றி, வலதை இடதாக மாட்டினேன். அப்போதும் ஙொய்தான். ஒவ்வொரு சுருதியையும் தனித்தனியாகக் கேட்டால் வித்தியாசம் பிடிபடும் என்று நினைத்து, வலது காதின் மேல் இருந்ததை மட்டும் தூக்கிப் பிடித்தேன்.

"ஏன் நிப்பாட்டிட்ட?" என்றார்.

நான் நிறுத்தவில்லை. போனில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஹெட்போனை வாங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் நன்றாகவே கேட்டது. மறுபடி அவருடைய இடது காதில் வைத்தேன். சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்குதா?"

"என்ன கேக்கணும்?"

ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தேன். "என்னங்க, உங்களுக்கு இந்தக் காது கேக்கலைங்க."

அவர் இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பதறவில்லை. ரொம்ப யோசித்து அவர் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன்.

"எல்லாருக்கும் வலது காதுதான கேக்கும்? வலது கை மாதிரி. இடது காதுல யாரு போன் வச்சுப் பேசுவா?"

ஒரு மனிதர் பள்ளிக்கூடம் போய், கல்லூரி போய், வேலைக்குப் போய், கல்யாணம் கட்டி, ஒரு மகளைக் கோயம்புத்தூர் கல்லூரி வரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறார். இடது கை வலதுக்கு ஒத்தாசையாக இருப்பது போல இடது காதும் ஏதோ சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தே இத்தனையும் செய்திருக்கிறார். கேட்டுப் பழகாத ஒன்று இல்லாமல் போனதாக எப்படித் தெரியும்?

செக்கானூரணிப் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கும் அவருடைய அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"சின்னதுல அவனுக்குப் புட்டாளம்ம வந்துச்சு தாயி. கன்னம் ரெண்டும் அப்பிடி வீங்கிப்போச்சு. காய்ச்சல் போயிருச்சுன்னு நாங்களும் விட்டுட்டோம். காதப் பத்தி அவன் ஒண்ணுஞ் சொல்லலையே," என்றார்.

அந்த வாரமே அண்ணா நகரில் காது பரிசோதிக்கும் இடத்துக்குப் போனோம். சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். கேட்டால் அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். வலது காதுக்குச் சத்தம் போனபோது அவர் விரல் உடனுக்குடன் அழுத்தியது. பிறகு இடது காதின் முறை. அவர் முகத்தைக் கவனமாக வைத்துக்கொண்டு காத்திருந்தார். விரல் பொத்தான் மேலேயே இருந்தது. அசையவில்லை.

பரிசோதித்த பெண் நிதானமாகப் பேசினார். "இடது பக்கம் நரம்பு வேலை செய்யல சார். சின்ன வயசுல வந்த அம்மையால இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது. வலது காது அருமையா இருக்கு."

நான் ஹெட்போன் கதையைச் சொன்னேன். பரிசோதித்தவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தத் துடிப்பு கேக்கணும்னா ரெண்டு காதும் வேணும் மேடம். ரெண்டுலயும் வர்றத மூளையில ஓர் இடம் ஒப்பிட்டுப் பாக்குது. சத்தம் எந்தக் காதுக்கு ஒரு இம்மி முந்தி வந்துச்சுன்னு பாத்துத்தான் அது எந்தப் பக்கமிருந்து வருதுன்னு நமக்குச் சொல்லும். ஒரு காது மட்டும் இருக்கிறவங்களுக்குத் திசை பிடிபடுறது ரொம்பக் கஷ்டம்." பிறகு அவரைப் பார்த்து, "சார், யாராச்சும் உங்களக் கூப்பிட்டா எந்தப் பக்கம்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"சுத்திப் பாப்பேன். யாரு வாய் அசையுதோ அவுகதான்," என்றார் அவர்.

திரும்பும்போது வண்டியில் ஏறினேன். நான் எப்போதும் சேலையில், இடப்பக்கம் காலைத் தொங்கவிட்டு ஒரு பக்கமாக உட்காருவேன். கொஞ்ச தூரம் போனதும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என் வாய் அவருடைய இடது தோளுக்கு அருகில் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையால் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னேன். இறங்கி முன்னால் வந்து நின்று கேட்டேன்.

"வண்டியில நான் பேசுறது எதுவும் உங்களுக்குக் கேட்டதே இல்லையா?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "நீ வண்டியில பேசுவியா?"

"கல்யாணமானதுல இருந்து பேசிக்கிட்டு வாரேன்! நீங்கதான் பதிலே சொல்ல மாட்டீங்க. வண்டி ஓட்டயில பேசப் பிடிக்காதுன்னுல நெனச்சேன்!"

"நீ வண்டிக்குப் பயந்து வாயத் தொறக்க மாட்டேன்னு நான் நெனச்சேன்."

ரோட்டோரத்தில் நின்று இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அவர் கண் கலங்கியது.

"அம்புட்டு வருசமா என்ன பேசுன?" என்று கேட்டார்.

நாகமலை மேல் மேகம் இறங்கியிருந்ததைச் சொல்லியிருப்பேன். மகளுக்குப் பல் முளைத்ததைச் சொல்லியிருப்பேன். அவர் போட்டிருக்கும் சட்டை நன்றாக இருக்கிறது என்று முதுகைப் பார்த்து எத்தனை நாள் சொல்லியிருக்கிறேன்! எல்லாம் காற்றோடு போயிருக்கிறது. அதற்காக வருத்தப்பட வேண்டியவள்தான் நான், ஆனால் எனக்கு ஏனோ ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. ஒரே வண்டியில், முதுகும் தோளும் இடிக்க உட்கார்ந்துகொண்டு, இரண்டு பேரும் மற்றவரை மௌனி என்று நினைத்து, அந்த மௌனமும் பிடித்துப்போய் வாழ்ந்திருக்கிறோம்.

நேரே வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் போனோம். சாயங்கால நேரம். குளம் நிறையத் தண்ணீர், நடுவே மைய மண்டபம். நான் அவருக்கு வலப்பக்கமாக வந்து நடந்தேன். படிக்கட்டுச் சுவரில் உட்கார்ந்ததும் அவர் கேட்டார்.

"திசை கேக்குதுங்கறாங்களே, அது எப்படி இருக்கும்?"

"எப்படின்னா... கேக்கும். அம்புட்டுத்தான்."

"சும்மா சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டேன். அதுவரை நான் செய்தே பார்க்காத காரியம் அது. கேட்கிறதைக் கேட்டேன். வலப்பக்கம், கொஞ்சம் பின்னால், கடலை வறுக்கிறவர் சட்டியில் கரண்டியால் தட்டுகிறார். இடப்பக்கம் தூரத்தில் ஒரு பஸ் வேகம் குறைந்து திரும்புகிறது. எனக்கு நேர் எதிரே, தண்ணீருக்கு மேலே, கிளிகளோ என்னவோ கூட்டமாகப் போகின்றன. முதலில் இடப்பக்கம், பிறகு நடுவில், பிறகு வலப்பக்கம். கோயில் மணி என் முதுகுக்குப் பின்னால். கீழே படியில் குழந்தைகள். கண் மூடியிருந்தும் தெப்பக்குளம் முழுவதும் அதனதன் இடத்தில் எனக்கு முன்னால் விரிந்து நின்றது. ஒவ்வொன்றாக விரல் நீட்டிக் காட்டிச் சொன்னேன்.

கண்ணைத் திறந்தபோது அவர் குளத்தைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இம்புட்டையும் பாக்காமலே சொல்றியே," என்றார். "எனக்கு எல்லாம் ஒரே எடத்துல இருந்துதான் வரும். ஒரு வாசல் வழியா மொத்தக் கூட்டமும் வர்ற மாதிரி."

எனக்கு அவர்மேல்தான் வியப்பு. அந்த ஒரு வாசலில் நின்றுகொண்டு, வருகிற கூட்டத்தில் யார் யார் என்று தானே பிரித்து, வாயசைவைப் பார்த்து, நாற்காலி பார்த்து உட்கார்ந்து, ரோட்டைக் கடக்கும்போது உடம்போடு திரும்பிப் பார்த்து, இப்படியெல்லாம் செய்கிறோம் என்று தனக்கே தெரியாமல் செய்து வந்திருக்கிறார். நானும் எனக்குத் தெரியாமல்தான் இரண்டு வாசல் வைத்துக்கொண்டிருந்தேன்.

நடந்ததை எல்லாம் என்னோடு வேலை பார்க்கும் அந்தத் திருமங்கலத்துப் பெண்ணிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அக்கா, அண்ணனுக்கும் அந்தத் துடிப்பக் கேக்க வைக்கலாம்," என்றாள்.

"எப்படிப்பா? ஒரு காதுதான இருக்கு?"

"ரெண்டு போன எடுங்க. ஒண்ணுல ஒரு சுருதி, இன்னொண்ணுல இன்னொரு சுருதி. ரெண்டையும் சத்தமா வச்சிருங்க. அது காத்துலேயே கலந்துரும். காத்துல கலந்துட்டா ஒரு காது போதும். அது பைனாரல் இல்ல, சாதாரண பீட். ஆனா துடிக்கும்."

அவளே இரண்டையும் தனித்தனியாக அனுப்பி வைத்தாள். மறுநாள் காலையில் அவர் கிளம்புவதற்கு முன்னால், சாப்பாட்டு மேஜையில் என் போனையும் அவர் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதலில் ஒன்றை ஓடவிட்டேன். ஙொய். இரண்டாவதையும் ஓடவிட்டேன்.

சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"ஆடுது!" என்றார். "ஏம்மா, ஆடுதும்மா!"

குனிந்து மேஜை மேல் வலது காதைக் கொண்டுபோனார். நிமிர்ந்தார். ஒரு போனைக் கையால் மூடினார், துடிப்பு நின்றது. கையை எடுத்தார், வந்தது. நான் முதல் நாள் செய்ததை அப்படியே செய்துகொண்டிருந்தார்.

"கல்யாணத்துல ரெண்டு நாயனக்காரங்க சுருதி சேக்கயில இப்படித்தான் நடுங்கும். சேந்ததும் நின்னுரும். அது இதுதானா?"

"அதுவேதான்."

"அப்ப இத நான் கேட்டிருக்கேன்," என்றார். அவர் குரலில் இருந்த நிம்மதியை என்னால் எழுத முடியாது.

இடது பக்கச் சத்தத்தை வலது காதுக்கு அனுப்புகிற கருவி ஒன்று இருக்கிறது என்று அந்தப் பரிசோதனைப் பெண் சொல்லியிருந்தார். கொஞ்ச நாள் மாட்டிப் பார்த்தார். கம்பெனி மீட்டிங்குக்கு நன்றாக இருக்கிறது, தோட்டத்தில் காற்றுச் சத்தம்தான் அதிகம் வருகிறது என்றார். இப்போது மீட்டிங்குக்கு மட்டும் மாட்டிக்கொள்கிறார். நான் சுடிதாருக்கு மாறி வண்டியில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருகிறேன். வலது தோள் மேல் முகவாயை வைத்துக்கொண்டு பேசினால், ஹெல்மெட்டைத் தாண்டி, பதில் வருகிறது. அவர் இவ்வளவு பேசுவார் என்று எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலைகளில் அவர் அடுத்த வாரம் எந்தெந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று வரைபடம் பார்த்து வழி போடுவார். அப்போது பழைய போன் ஒன்றையும் புதுப் போனையும் பக்கத்தில் வைத்து அந்தத் துடிப்பை ஓடவிட்டுக்கொள்கிறார். அது இருந்தால் மனசு ஓடாமல் நிற்கிறதாம். நான் மேஜையின் இந்தப் பக்கம் ஹெட்போனோடு கம்பி வரைந்துகொண்டிருப்பேன். போன வாரம் தலையைத் தூக்கி, ஹெட்போனைக் கழற்று என்று கையால் சைகை காட்டினார். கழற்றினேன்.

"எனக்கு இந்தா, இங்க துடிக்குது," என்று இரண்டு போனுக்கும் நடுவே விரலை வைத்துக் காட்டினார். "உனக்கு எங்க?"

என் நெற்றிக்கு நடுவே விரலை வைத்துக் காட்டினேன். அவர் எழுந்து வந்து, அந்த இடத்தில் தன் வலது காதை வைத்து, நிஜமாகவே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.